உயர் தெளிவு இசையைக் கேட்பது கண்ணே: ஓர் ஆய்வு

ஒலியைக் கேட்கும் உறுப்பு செவி என்று உடற்கூற்று நூலார் நெடுங்காலமாகச் சொல்லி வருகின்றனர். பேருந்து ஹாரன், பக்கத்து வீட்டு மிக்ஸி போன்ற இலவச ஒலிகளுக்கு அது பொருந்தும். ஆனால் காசு கட்டித் தரவிறக்கும் உயர் தெளிவு இசை, சந்தையில் ஹை-ரெஸ் என வழங்குவது, செவிவழிச் செல்வதில்லை, கண்வழிப் புகுகிறது. இதை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். இத்துறையில் இதுவரை நடந்த ஆய்வுகள் பலவும் தவறான உறுப்பைச் சோதித்தன. அதனால்தான் இந்த இசையின் வேறுபாடு கேட்கிறதா என்ற பூசல் இன்னும் தீரவில்லை.

ஆய்வு எல்லை: ஒரு நிறுவனம் காப்புரிமை வேலி போட்டு, உரிமக் கட்டணம் வாங்கி, தான் அங்கீகரித்த கருவியில்தான் முழுதாகப் பாடும் என்று விதித்த வடிவங்கள் மட்டும். ஃப்ளாக் முதலிய வேலியில்லாத வடிவங்கள் ஒப்பீட்டுக்கு வந்து போகும். எல்பி ரெக்கார்டு அன்பர்கள் தனிச் சமயத்தார். அவர்களை ஓரிடத்தில் சாட்சிக்கு மட்டும் அழைப்போம்.

முதலில் சிடி. 1982இல் சோனியும் பிலிப்ஸும் கடைக்குக் கொண்டுவந்த அந்தத் தட்டில் நொடிக்கு 44,100 மாதிரிகள், ஒவ்வொன்றும் 16 பிட். அது என்ன 44,100? அன்று டிஜிட்டல் ஒலியை வீடியோ நாடாவில்தான் பதிந்து வைத்தார்கள். படத்தின் ஒரு கோட்டுக்கு 3 மாதிரி, ஒரு புலத்துக்கு 245 கோடு, நொடிக்கு 60 புலம், பெருக்கினால் 44,100. இசையின் அடிப்படை எண்ணே படம் பதியும் கருவியிலிருந்து பிறந்தது என்பது நம் கருதுகோளுக்குத் தொடக்கத்திலேயே வாய்த்த நற்சகுனம்.

மாதிரி எண்ணில் பாதிவரையுள்ள அதிர்வெண்களைக் குறையின்றி மீட்கலாம் என்பது நைக்விஸ்ட், ஷானன் வழிவந்த கணிதம். அதன்படி சிடி 22,050 ஹெர்ட்ஸ் வரை எட்டும். மனிதச் செவி இளமையில் 20,000 வரை எட்டும். நடுவயதில் அதுவும் கணிசமாகத் தேய்ந்துவிடும். விலையுயர்ந்த ஹெட்போன் வாங்கக் கையில் பணம் சேர்வதும் அந்த வயதில்தான்.

இனி ஸ்டிக்கர். ஜப்பான் ஆடியோ சங்கம் வகுத்த பொன்னிற ஹை-ரெஸ் முத்திரையைப் பெற, ஹெட்போன் 40,000 ஹெர்ட்ஸ் வரை ஒலிக்க வேண்டும். நாய் ஏறத்தாழ 45,000 வரை கேட்கும்; பூனை 60,000ஐயும் தாண்டும். அஃதேல் இக்கருவிகளைப் பூனைகளன்றோ வாங்க வேண்டும் எனின், அற்றன்று. என்னையெனின், பூனைக்குக் காது உண்டு. ஸ்டிக்கரைப் படிக்கும் கண் இல்லை. மனிதனுக்கு அந்தக் காது இல்லை. படிக்கும் கண் உண்டு. விற்பனை எந்தப் பக்கம் நடக்கிறது என்பதே போதிய சான்று.

கண்வழிக் கேள்வியின் உச்சம் எம்க்யூஏ. மெரிடியன் நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவரான பாப் ஸ்டூவர்ட் 2014 இறுதியில் இங்கிலாந்திலிருந்து இதை அறிமுகப்படுத்தினார். காதுக்கு எட்டாத மேல்தட்டு அதிர்வெண்களை மடித்து, கோப்பின் அடிப் பிட்டுகளுக்குள் சொருகிவிடுவது இதன் உத்தி. நிறுவனத்தாரே இதை ஓரிகாமி என்றனர். மடித்ததை முழுதாக விரிக்க உரிமம் பெற்ற கருவி வேண்டும். எண்ணுக்கு எண் ஒப்பிட்டால் இது இழப்புள்ள வடிவம். வாசலில் இருந்த பலகையோ மாஸ்டர் தரம் என்றது.

ஆனால் எம்க்யூஏயின் மேதைமை மடிப்பில் இல்லை, விளக்கில் இருக்கிறது. உரிமம் பெற்ற கருவிகள் பலவற்றில் சிறு விளக்கு ஒன்று உண்டு. எம்க்யூஏ கோப்பு ஓடினால் பச்சை. இசைக்கலைஞரோ தயாரிப்பாளரோ ஒப்புதல் தந்த பதிவென்றால் நீலம். நீலம் எரிந்ததும் ரசிகர் கண்களை மூடித் தலையசைப்பார். விளக்கைப் பார்த்த பிறகே கண் மூடப்படுகிறது என்பதை ஆய்வுலகம் கவனிக்கத் தவறிவிட்டது.

2017 தொடக்கத்தில் டைடல் என்ற இணைய இசைச் சேவை இவ்வடிவத்தை ஏற்றது. 2023 ஏப்ரலில் எம்க்யூஏ நிறுவனம் நொடித்து நிர்வாகிகள் கைக்குப் போனது. அவ்வாண்டு செப்டம்பரில் கனடாவின் லென்புரூக் வாங்கிக்கொண்டது. 2024 ஜூலையில் டைடல் எம்க்யூஏயைக் கைவிட்டு ஃப்ளாக்குக்கு மாறியது. விளக்கு அணைந்தது. பாட்டு அதே பாட்டாகத்தான் இருந்தது.

மறுப்போர் கூறுவர்: உயர் தெளிவுக் கோப்பு எவ்வளவு கனமானது, அத்தனையும் வீணா என்று. கனம் உண்மையே. 192 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் அளவில் ஐந்து நிமிடப் பாட்டு சுருக்காத நிலையில் சுமார் 345 எம்பி. சிடி தரத்தில் 53. தரவிறங்கும்போது திரையில் நகரும் பட்டையைப் பார்த்துக்கொண்டே இருப்பதும் இசையனுபவத்தின் ஒரு பகுதி; கச்சேரிக்கு முந்தைய சுருதி சேர்ப்பு போல. பிறகு அந்தக் கோப்பைப் புளூடூத் ஹெட்போனுக்கு அனுப்புகிறோம். சோனியின் எல்டேக் முறையிலேயே நொடிக்கு அதிகபட்சம் 990 கிலோபிட்தான் போகும். கோப்பின் ஓட்டமோ 9,216. பெரும்பகுதி வழியிலேயே உதிர்ந்துவிடும். திரையில் 192 என்ற எண் மட்டும் உதிர்வதில்லை.

இனிச் சோதனைச் சான்றுகள். 2007இல் மேயர், மோரன் என்ற இருவர் எஸ்ஏசிடி, டிவிடி-ஆடியோ என்ற உயர் தெளிவுத் தட்டுகளின் ஒலியை நேராக ஒருமுறையும், சிடி தரத்துக்கு இறக்கி ஒருமுறையும் போட்டு, எது எதுவென்று தெரியாமல் கேட்கச் செய்தனர். 554 முறையில் 276 சரி, அதாவது 49.8 விழுக்காடு. நாணயம் சுண்டினாலும் இவ்வளவு வரும். இதைக் கண்டவர்கள் வேறுபாடே இல்லை என்று அவசரப்பட்டு முடிவு கட்டினர். சரியான விளக்கம் வேறு: கேட்கும் உறுப்பை மறைத்துவிட்டுக் கேட்கிறதா என்று கேட்டால் எப்படிக் கேட்கும்?

2016இல் லண்டன் குயின் மேரி பல்கலைக்கழகத்தின் ஜோஷுவா ரீஸ் 18 ஆய்வுகளின் 12,000க்கும் மேற்பட்ட சோதனைகளைத் திரட்டிப் பார்த்தபோது 52.3 விழுக்காடு சரியாக வந்தது. அந்த 2.3 எப்படி வந்தது? எங்கோ திரை விலகியிருக்க வேண்டும். (பயிற்சி பெற்ற காதுகள் தெளிவாகவே கூடுதல் மதிப்பெண் பெற்றன என்றும் அவர் காட்டியிருக்கிறார். கருதுகோளுக்கு உதவாத தரவை அடைப்புக்குறிக்குள் வைப்பது ஆய்வுலக மரபு.)

சாட்சிக்கு அழைத்த எல்பி அன்பர்கள் இப்போது வரலாம். அமெரிக்காவின் மொபைல் ஃபிடெலிட்டி நிறுவனத்தின் ரெக்கார்டுகளை, டிஜிட்டல் தீண்டாதவை என நம்பி அவர்கள் பெரும் விலைக்கு வாங்கினர். அவற்றில் பலவும் டிஎஸ்டி என்ற டிஜிட்டல் படியைத் தாண்டி வந்தவை என்பது 2022இல் வெளிப்பட்டது, வழக்குவரை போனது. அதுவரை ஆண்டுக்கணக்கில் அந்தத் தட்டுகளைப் போற்றிய செவிகளுக்கு அது கேட்கவே இல்லை. அட்டையில் எழுதப்படாததைக் காது அறியாது.

இன்னொரு சான்றும் உண்டு. சில கடைகள் சிடி தரக் கோப்பையே 96 கிலோஹெர்ட்ஸாக ஊதிப் பெருக்கி விற்றிருக்கின்றன. அதைக் கண்டுபிடித்தது எது? ஸ்பெக்ட்ரம் படத்தில் 22 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் கருப்பாகக் கிடந்ததைப் பார்த்த கண்.

எல்பி ரெக்கார்டுகளில் ஒளிந்திருந்த அந்த டிஎஸ்டியின் கதை கொஞ்சம் துயரமானது. 1999இல் எஸ்ஏசிடியுடன் வந்த இவ்வடிவம், நொடிக்கு 28,22,400 முறை ஒரே ஒரு பிட்டை எழுதும். அழகான எண்ணம். ஆனால் இந்த ஒற்றைப் பிட்டை வைத்துக்கொண்டு ஸ்டூடியோவில் ஒலியளவைக்கூட ஏற்றி இறக்க முடியாது. அதற்குப் பல பிட் வடிவத்துக்கு மாற்றியாக வேண்டும். தட்டின் பூட்டோ கெட்டியானது. எஸ்ஏசிடியைப் படிக்கும் கணினி டிரைவ் கடைக்கு வரவேயில்லை. தாம் காசு கொடுத்து வாங்கிய பாட்டைக் கணினிக்கு எடுக்க, ரசிகர்கள் பழைய பிளேஸ்டேஷன் 3 ஒன்றைத் தேடி அதன் மென்பொருள் ஓட்டை வழியே நுழைய வேண்டியிருந்தது. இந்த இடத்தில் ஆய்வாளன் நகைச்சுவையை நிறுத்திக்கொள்கிறான். வாங்கியவனைத் திருடன்போல் நுழைய வைத்த வடிவம் தழைக்காமல் போனதில் வியப்பில்லை.

வடிவங்களின் மரணத்திலும் தரவேறுபாடு உண்டு. சோனி 2004இல் திறந்த கனெக்ட் என்ற இணையப் பாட்டுக் கடை உயர் தெளிவுக் கடை அல்ல. ஆனால் பூட்டு இதே குடும்பத்தது. 2008இல் மூடியபோது, பாட்டுகளைக் காப்பாற்ற சிடியில் எழுதிக்கொள்ளுங்கள் என்றார்கள். பாடகர் நீல் யங்கின் போனோ 2014இல் 60 லட்சம் டாலருக்கு மேல் மக்களிடம் நிதி திரட்டி, முக்கோணக் கருவியாக வந்து, 2017இல் முடிந்தது. ஆனால் அங்கே விற்றது பூட்டில்லா ஃப்ளாக் கோப்பு. கடை போனாலும் வாங்கிய பாட்டு இன்றும் எந்தக் கணினியிலும் ஓடும்.

ஆகவே வாசகர்களே, ஒரே ஆல்பத்தின் இரு பதிப்புகள் வேறாகக் கேட்டால் மாஸ்டரிங் செய்தவர் யார் என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. ஃப்ளாக்காக வாங்குங்கள், வாங்கியதை இரண்டு ஹார்ட் டிஸ்கில் வையுங்கள். விளக்கு இல்லாமல் மனம் ஆறாதவர்களுக்கு: நீல நிற எல்இடி மின்னணு உதிரிபாகக் கடைகளில் தனியாகவே கிடைக்கிறது. விலை சில ரூபாய்தான். உரிமக் கட்டணம் இல்லை.