புலி இல்லாத ஊரில் ஒரு வேட்டை வாசகர்

தஞ்சாவூரில் புலி என்றால் அது சோழர் கொடியில் இருப்பதுதான். மலை என்றால் பெரிய கோயில் விமானம். பள்ளத்தாக்கு என்றால் தூர் வாராத வாய்க்கால். இப்படிப்பட்ட சீமையில், திருவையாற்றுக்குப் பக்கத்தில் மூன்று ஏக்கர் நஞ்சையோடு குடியிருக்கும் நம்மவருக்கு வேட்டைக் கதை கிடைத்தால் சோறு வேண்டாம்.

முதல் இடம் ஜிம் கார்பெட்டுக்கு. 436 பேரைக் கொன்ற சம்பாவத் பெண்புலியை 1907இல் அவர் சுட்ட கதையில் நம்மவரைக் கவர்ந்தது வீரம் அல்ல. தோட்டா தீர்ந்துபோய், காயம்பட்ட புலி எதிரே நிற்க, கார்பெட் ஓடிப்போய்த் தாசில்தாரின் துப்பாக்கியை வாங்கிவருகிறாரே, அந்த இடம்தான். “கேட்டவுடன் கொடுத்த தாசில்தார்!” என்று ஒவ்வொரு முறையும் உருகுவார். அடங்கல் சான்றுக்கு அலைந்தவருக்குத்தான் அதன் அருமை தெரியும்.

அடுத்தவர் பெங்களூர்க்காரரான கென்னத் ஆண்டர்சன். 1954இல் வந்த அவருடைய முதல் புத்தகத்தில் ஜவளகிரி ஆட்கொல்லி வருகிறது. ஜவளகிரி ஓசூர்ப் பக்கம். அந்த வட்டாரத்துக் காடுகளை உரசிக்கொண்டுதான் காவிரி மேட்டூருக்கு இறங்குகிறது. ஜூன் 12 கடந்தும் அணை திறக்காவிட்டால், “வழியில புலி மறிச்சிருக்கும்” என்பார் நம்மவர். டீக்கடையில் இதற்கு யாரும் சிரிப்பதில்லை.

இருவருமே பயந்ததை மறைக்காதவர்கள். விடிய விடியப் பரணில் உட்கார்ந்து வெறுங்கையோடு இறங்கியதையும் எழுதினார்கள். சுட்டதைவிட மண்ணைப் படித்ததே அதிகம். ஒரு புல் மடங்கிக் கிடந்தால் அரைப் பக்கம் ஓடும்.

காட்டுயிர் எழுத்தாளர் மா. கிருஷ்ணன் இன்னும் நெருக்கம். அ. மாதவையாவின் மகனான அவர், 1950இலிருந்து 1996இல் காலமாகும்வரை ஸ்டேட்ஸ்மன் இதழில் பத்தி எழுதினார். யானைக்குக் கொடுத்த மரியாதையை அணிலுக்கும் காக்கைக்கும் கொடுத்தார். புலிக்கு வக்கில்லாத ஊர்க்காரருக்கு இது பெரிய ஆறுதல்.

போன சம்பாவில் பயிர் சூல் கட்டிய நேரம். திண்ணையில் புத்தகமும் கையுமாக இருந்தவரை வீட்டுக்காரம்மா எழுப்பினார்: “ஏங்க, அந்தப் புலி எங்கயும் ஓடிடாது. வயல எலி மொட்டையடிக்குது, போய்ப் பாருங்க.”

கிட்டி வைக்கும் பெரியவர் வந்தார். தஞ்சாவூர்க் கிட்டி மூங்கிலை வில்லாக வளைத்துச் செய்த பொறி. இரையில் வாய் வைத்ததும் எலியின் கழுத்தில் இறுகும். சாயங்காலம் வரப்போரமாக வைத்துவிட்டு அவர் வீட்டுக்குப் போய்விட்டார். நம்மவருக்குத்தான் பொறுக்கவில்லை. நடுநிசியில் டார்ச்சோடு கிளம்பி, வைக்கோல் போரைப் பரணாக்கி உட்கார்ந்தார். ஒரு மணி நேரத்தில் கொசு அவரை இறக்கிவிட்டது.

காலையில் பெரியவர் கிட்டிகளை எடுத்துக்கொண்டே வந்தவர், ஓரிடத்தில் குனிந்தார்.

“தம்பி, ராத்திரி யாரோ இங்க வழுக்கி விழுந்திருக்காங்க. கனத்த ஆளு. எந்திரிக்கவே நேரமாயிருக்கு. எடது கால ஊனாம போயிருக்காங்க.”

“அப்படியா?” என்றார் நம்மவர், இடது காலை மெல்லப் பின்னுக்கு இழுத்துக்கொண்டு.