இதையும் பார்த்துவிடலாம்: பழைய ஸ்போர்ட்ஸ் கார் பழுதுபார்ப்பில் உம்மையின் ஆட்சி

உம்மைக்குப் பொருள் எட்டு என்று தொல்காப்பியரும் நன்னூல் செய்த பவணந்தியாரும் வகுத்து வைத்தார்கள். இருவருக்கும் சொந்தமாகக் கார் கிடையாது. ஆகவே அந்த உம்மைகள் ஒரே கராஜில், ஒரே சனிக்கிழமைக்குள் வந்து குவியக்கூடும் என்பதைக் கவனிக்கும் வாய்ப்பு அவர்களுக்கு அமையவில்லை. அக்குறையை நீக்குவதே இவ்வாய்வின் நோக்கம்.

ஆய்வுக்களம், இங்கிலாந்தில் கோவென்ட்ரிக்குப் பக்கத்தில் உள்ள என் வீட்டுக் கராஜ். ஆய்வுப்பொருள், 1972இல் செய்த டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர், மார்க் 4, 1296 சிசி. இத்தாலியரான ஜொவானி மிக்கேலோட்டி வரைந்த உருவம். 1962இல் முதல் ஸ்பிட்ஃபயர் வந்தது. 1980இல் கோவென்ட்ரியின் கேன்லி ஆலையில் கடைசி வண்டி இறங்கியது. தமிழருக்கு இது முற்றிலும் அந்நியமன்று. சென்னையில் ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் என்று ஒன்று ஓடியதே, அந்த ஹெரால்டின் சட்டத்தைக் குறுக்கிச் செய்ததுதான் ஸ்பிட்ஃபயர். அண்ணன் தம்பி முறை. இரண்டிலும் வண்டியின் முன்பாகம் மட்கார்டோடு சேர்ந்து அப்படியே முன்பக்கம் கவிழ்ந்து திறக்கும். முன்சக்கரத்தின் மேலேயே உட்கார்ந்து எஞ்சினைப் பார்க்கலாம். உட்கார இப்படி வாகான இடம் கொடுத்ததுதான் எல்லாக் கேட்டுக்கும் மூலம் என்பது என் மனைவியின் கட்சி. அது தனி ஆய்வுக்குரியது.

இனி மூலபாடம்: "கழற்றினது கழற்றியாச்சு, இதையும் பார்த்துவிடலாம்."

இதில் 'ஆச்சு' நிறைவைக் குறிக்கும். ஆனால் எதுவும் நிறைந்தபாடில்லை. உயிர்நிலை 'இதையும்' என்பதில் உள்ள எச்ச உம்மையே. சொல்லாத இன்னொன்றையும் தழுவி நிற்பது அதன் இயல்பு. தழுவப்படுவது முன்னால் நடந்ததாகவும் இருக்கலாம், இனி வரப்போவதாகவும் இருக்கலாம். பின்னதற்கு எதிரது தழீஇய எச்சவும்மை என்று பெயர். பழைய கார் வைத்திருப்பவர் வாயில் வரும் உம்மை எல்லாம் இந்த இனம்.

சான்று வருமாறு. மார்ச் மாதம் கியர் லிவர் கடகடவென்று ஆடியது. பரிகாரம் ஒரு சிறிய நைலான் புஷ். அரைமணி நேர வேலை. அதற்குக் கம்பளத்தை விலக்க வேண்டும், கம்பளத்துக்காக இருக்கைகளை எடுக்க வேண்டும். எடுத்தேன். நடுவே கியர் பாக்ஸை மறைக்கும் மூடியையும் திருகு திருகாகக் கழற்றினேன். இந்த வண்டியில் கியர் பாக்ஸ் அடிவழியாக இறங்காது, காருக்குள்ளிருந்தே வெளியே வரும். வழியோ திறந்து கிடக்கிறது. கழற்றினது கழற்றியாச்சு. கியர் பாக்ஸ் என் மடிக்கு வந்தது.

கியர் பாக்ஸ் போனால் கிளட்ச் தெரியும். கிளட்ச் தெரிந்தால் கிராங்க் ஷாஃப்ட் நினைவுக்கு வரும். அது முன்னும் பின்னும் நகராமல் பிடித்துக்கொண்டிருப்பவை அரைவட்டமான இரண்டு த்ரஸ்ட் வாஷர்கள். கிளட்சை மிதிக்கும்போதெல்லாம் பளு அவற்றின்மேல் விழுகிறது. தேய்ந்து மெலிந்தால் நழுவி ஆயில் சம்ப்பில் விழுந்துவிடும். அப்புறம் கிராங்க் எஞ்சின் பிளாக்கையே அராவத் தொடங்கும். இதற்கு எளிய சோதனை உண்டு: ஒருவர் கிளட்சை மிதிக்க, இன்னொருவர் முன்னாலுள்ள புல்லி அசைகிறதா என்று பார்க்க வேண்டும். கியர் பாக்ஸ் இல்லாமல் இந்தச் சோதனை செய்ய முடியாது என்பது அதைக் கழற்றிய பிறகே உறைத்தது. ஆகவே சம்ப்பையும் இறக்கினேன். இதற்கிடையில் இருக்கை இருந்த இடத்தில் தரைத் தகட்டை அழுத்திப் பார்த்ததில் கட்டைவிரல் உள்ளே போயிற்று. டிங்கரிங் வேலையும் சேர்ந்தது.

ஐய உம்மையை விளக்கப் பத்தாயினும் எட்டாயினும் என்று எண்களையே எடுத்துக்காட்டலாம். அந்த எண்கள் ஸ்பேனர் பெட்டியிலேயே கிடக்கின்றன. நம்மூர்ப் பட்டறையில் "பத்து-பதினொண்ணு எடுடா" என்றால் பையன் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துத் தருவான். இங்கே எல்லாம் அங்குலக் கணக்கு. 7/16 அங்குலம் என்பது 11.1 மில்லிமீட்டர். 11 நுழையாது, 12 நுழையும், வழுக்கி நட்டின் மூலையை மழுக்கும். எண்ணும்மைக்கு உதிரிபாகக் கடைக்காரரின் பில்லைப் பார்த்தாலே போதும், விளக்கம் வேண்டாம்.

ஆக்க உம்மை, வண்டியை மேம்படுத்தும் ஆசையில் பிறப்பது. பாயிண்டை எடுத்துவிட்டுப் போன வருடம் எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டேன். பழைய பாயிண்டும் கண்டென்சரும் இன்றும் ஒரு பிஸ்கட் டப்பாவில் டிக்கியில் இருக்கின்றன. இது ஆக்கமா அச்சமா என்பதை அறிஞர்கள் தீர்மானிக்கட்டும். இரட்டை எஸ்.யு. கார்புரேட்டர்களை மட்டும் மாற்றவில்லை. இரண்டும் ஒரே அளவு காற்றை இழுக்கின்றனவா என்று அறிய, ரப்பர் குழாயின் ஒரு முனையைக் காதில் வைத்து, மறுமுனையை ஒவ்வொன்றின் வாயிலும் மாறி மாறிப் பிடித்து, 'ஸ்ஸ்' என்ற ஓசையை ஒப்பிட வேண்டும். சுருதி சேர்ப்பது போலத்தான். அந்நிலையில் என்னைக் கண்ட மனைவி, "ஏங்க, உங்களுக்கு மரை கழண்டுபோச்சு" என்றாள். கூற்று உண்மையே, எந்த மரை என்றுதான் அவள் குறிப்பிடவில்லை.

கலைந்து கிடக்கும் வண்டிக்குச் சட்டத்தாலும் தொல்லையில்லை. நாற்பது வயது கடந்து, பெரிதாக உருமாற்றப்படாத வண்டிகளுக்கு 2018 முதல் பிரிட்டனில் ஆண்டுச் சோதனை கட்டாயமில்லை. கருணையுள்ள சட்டம். நகராத வண்டியைச் சோதித்துத்தான் என்ன காண்பது?

இறுதியாக முற்றும்மை. ஆகஸ்டில் புது த்ரஸ்ட் வாஷர்களைப் பொருத்தி, சம்ப்பை மூடி, "எல்லா போல்ட்டும் மாட்டியாச்சு" என்று வீட்டில் அறிவித்தேன். தட்டில் ஒரு போல்ட் கிடந்தது. முற்றும்மை சில இடங்களில் எச்சமாகவும் வரும் என்று நன்னூல் விதி செய்திருப்பதன் அருமை அன்றுதான் விளங்கியது. சம்ப்பைத் திரும்ப இறக்கினேன்.

வண்டி இப்போது நான்கு ஸ்டாண்டுகளின் மேல் நிற்கிறது. கியர் லிவருக்கு வாங்கிய நைலான் புஷ், உறை பிரிக்காமல், ஜன்னல் விளிம்பில் இருக்கிறது.