எல்லாம் திறமைதான் தம்பி!

அடையாற்றில் ஒரு இ-சேவை மையம். ஆயுள் சான்றுக்காக வந்திருந்த ஓய்வுபெற்ற வங்கி அதிகாரிக்கு விரல் ரேகை பதியவில்லை. பேச்சு மட்டும் தாராளமாக வந்தது. பக்கத்தில் ஒரு மாணவி முதல் பட்டதாரி சான்றிதழுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தாள்.

"இந்தச் சலுகையெல்லாம் எதுக்கு தம்பி? டிகிரி வாங்கிட்டா எல்லாரும் சமம். அப்புறம் திறமைதான். என் பையன் யார் தயவுலயும் வரல."

"எங்க சார் வேலை பாக்கறார்?" என்றார் கணினி முன்னிருந்த இளைஞர். அவரும் பொறியியல் பட்டதாரி.

"பெங்களூர்ல. ஆறு மாசம் சம்பளமே இல்லாம இன்டர்ன்ஷிப் பண்ணினான். அந்தப் பொறுமை யாருக்கு வரும்?"

"வாடகை?"

"மச்சினன் வீடு இருக்கே! அந்தக் கம்பெனியில ஆள் எடுக்கறாங்கன்னு சொன்னதே அவன்தான். மத்தபடி முழுக்கப் பையன் திறமை."

மச்சினனின் திறமையை இளைஞர் மனதாரப் பாராட்டினார். அவர் கதை சின்னது. கல்விக்கடன் தவணை கழுத்தை நெரிக்க, முதலில் கிடைத்த கால்சென்டர் வேலைக்கு ஓடினார். அதற்கு முன் ஒரே ஒரு நல்ல நிறுவனத்தில் நேர்காணல். "அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க. லாரி கிளீனர்னேன். அடுத்த கேள்வியே வரல சார்."

"சும்மா பேச்சுக்குக் கேட்டிருப்பாங்க."

அப்படித்தான் கேட்பார்கள். தில்லியில் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசி சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் 2007-ல் ஒரு ஆய்வை வெளியிட்டனர். தகுதியை மட்டுமே பார்க்கிறோம் என்று அடித்துச் சொன்ன மேலாளர்களே, குடும்பப் பின்னணி முக்கியம் என்றும் அதே மூச்சில் சொன்னார்கள். அதே ஆண்டு வெளியான சுக்தேவ் தோரட், பால் அட்டவெல் ஆய்வில் நாளிதழ் விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள் போயின. படிப்பு ஒன்றுதான், பெயர்தான் வேறு. தலித் பெயர்களுக்கும் முஸ்லிம் பெயர்களுக்கும் அழைப்பு குறைந்தது. இளைஞர் இதையும் எடுத்துச் சொன்னார்.

"அதெல்லாம் வடக்க. வெளிநாட்ல பாருங்க, சுத்த மெரிட்!"

"இங்கிலாந்துல 2016-ல ஒரு ஆய்வு வந்துச்சு சார். ஒரே பல்கலைக்கழகம், ஒரே பாடம். படிச்சு முடிச்சுப் பத்து வருஷம் கழிச்சும் பணக்கார வீட்டுப் பிள்ளைங்க மத்தவங்களைவிட சுமார் 10 சதவீதம் கூட சம்பாதிச்சாங்களாம். அங்கயும் மச்சினன் இருப்பார்போல."

அதிகாரி பேச்சை மாற்றினார். "எங்க பேரனுக்கும் அந்த முதல் பட்டதாரி சான்றிதழ் போட்டுக் குடுங்களேன்."

"தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா யாருமே டிகிரி முடிச்சிருக்கக் கூடாது சார்."

"அநியாயமா இருக்கே! எங்க வீட்ல எல்லாருமே படிச்சவங்க. அதுக்குத் தண்டனையா?"

இளைஞர் பதில் சொல்லாமல் ரேகைக் கருவியைத் துடைத்தார். அதிகாரிக்கு மனசு இளகியிருக்க வேண்டும்.

"உங்க பயோடேட்டாவை அனுப்புங்க தம்பி. மச்சினன்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி வைக்கறேன். திறமை இருந்தா எடுத்துப்பாங்க."