ஆறாவது படி

ஆபத்தைக் கட்டுப்படுத்தப் பொறியியல் பாடம் சொல்லும் படிகள் ஐந்து. முதலில் ஆபத்தையே நீக்கு. முடியாவிட்டால் ஆபத்துக் குறைந்ததை மாற்றி வை. பிறகு தடுப்புப் போடு. அதற்கும் பிறகுதான் எச்சரிக்கைப் பலகை. தலைக்கவசம், கையுறை கடைசி.

கிளிநொச்சி அறிவியல்நகரில் இருக்கும் பொறியியல் பீடத்தில் படித்துவிட்டு, விடுமுறைக்கு இணுவில் வந்த பெடியன் புகையிலைத் தோட்டத்துக் கிணற்றடியில் நின்று கேட்கிறான்:

"பெரியப்பா, கிணத்துக்குக் கட்டு எழுப்பேல்லையோ?"

"ஏன் தம்பி? கவனமெண்டு எல்லாருக்கும் சொல்லித்தானே வச்சிருக்கிறம்."

"இரவில?"

"இரவில ஆர் தோட்டத்துக்கு வாறது? கள்ளன்தான்."

"அவன் விழுந்தா?"

"அதுக்குத்தான் கட்டேல்லை."

பாடப்புத்தகம் ஐந்தோடு நிறுத்திவிட்டது. பெரியப்பாவிடம் ஆறாவதும் உண்டு: ஆபத்தையே காவலுக்கு வைப்பது.