குந்தவையின் கொண்டை

கேள்வி: என் பையன் 'பொன்னியின் செல்வ'னை காமிக்ஸாகப் படித்துவிட்டு, "கதை முடிஞ்சுதுப்பா" என்கிறான். இது இலக்கியத்துக்குச் செய்யும் துரோகம் இல்லையா?
- ஒரு வாசகர், சிப்காட், ஓசூர்.

பதில்: 1950இல் 'கல்கி' இதழில் தொடராக ஆரம்பித்தபோதே அது ஓவியர் மணியத்தின் படங்களோடுதான் வந்தது. குந்தவையின் கொண்டை நம் பாட்டிமார் மனத்தில் பதிந்ததில் தூரிகைக்கும் பாதிப் பங்கு உண்டு.

உங்கள் எல்லைக்கு அந்தப் பக்கம் பாருங்கள். 'அமர் சித்திரக் கதை' காமிக்ஸ் வரிசையின் முதல் 10 எண்கள் கன்னடத்தில் வந்த சிண்ட்ரெல்லா வகையறாக்கள். கிருஷ்ணருக்கே 11ஆம் எண்தான் கிடைத்தது! அவரே கோபித்துக்கொள்ளவில்லை; கல்கியா கோபிக்கப் போகிறார்?

5 பாகங்களையும் வாங்கி ஷோகேஸில் பூட்டி வைப்பதுதான் துரோகம். சாவியைப் பையனிடம் கொடுங்கள்.