அம்மா இருக்காங்களா?

விழுப்புரம் தாண்டி உளுந்தூர்பேட்டைக்குப் போகிற வழியில் ஒரு மோட்டல். பெயர் வேண்டாம், மதுரைக்குப் போக எனக்கு வேறு வழியில்லை. கீழே சாப்பாடு, மாடியில் நாலைந்து அறைகள். கல்லாவில் அப்பா, அடுப்படியில் அம்மா, புரோட்டாக் கல்லில் மகன், ராத்திரிப் பொறுப்புக்கு வீட்டோடு இருக்கும் மாப்பிள்ளை.

இந்தக் கடையால் எங்கள் சொந்தத்தில் இரண்டு கட்சி. அந்த வத்தக்குழம்புக்காகவே விழுப்புரத்தில் சம்பந்தம் பண்ணலாம் என்பார் சித்தப்பா. என் தங்கையோ பேரைக் கேட்டாலே ஜெலுசில் தேடுவாள். இருவரும் பொய் சொல்பவர்கள் அல்ல. சித்தப்பா காரில் பகலில் போகிறவர். தங்கை ராத்திரி பஸ்.

ராத்திரி பஸ் நின்றதும் ஒரு பையன் தகரத்தில் படபடவென்று தட்டுவான். "பத்து நிமிஷம் நிக்கும்! டிபன் சாப்புடுறவங்க சாப்புடலாம்!" தூங்கியவர்களை எழுப்பித் தோசை தின்ன வைக்கிற ஊர் வேறெங்கும் இருக்குமா தெரியவில்லை. எந்த மோட்டலில் நிற்பது என்பதற்கு அரசு விரைவுப் பேருந்துகளுக்கு டெண்டர் உண்டு. ஆம்னி பஸ்ஸுக்கு டிரைவரின் நாக்குதான் டெண்டர். அவருக்கும் கிளீனருக்கும் உள்ளே தனி அறை, ஆம்லெட், சிக்கன், எல்லாம் இலவசம். அந்த ஆம்லெட்டின் விலை என் தோசையில் ஏறியிருக்கும். தோசையில் ஏறியது அது ஒன்றுதான், உப்புகூட ஏறவில்லை.

தண்ணீர் பாட்டிலுக்கு அச்சிட்ட விலைக்கு மேல் ஐந்து ரூபாய் கேட்டார் மாப்பிள்ளை. ஓட்டல்காரர்கள் அப்படி வாங்கலாம் என்று 2017-இல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது, உட்கார வைத்து உபசரிக்கிறார்களே என்று. அந்த ராத்திரிக் கூட்டத்தில் உட்கார நாற்காலி கிடைக்கவில்லை. பாட்டிலையும் பெட்டியிலிருந்து நானேதான் எடுத்தேன். "கூலிங் சார்ஜ் சார்" என்றார். தொட்டுப் பார்த்தேன். வெந்நீருக்கு நாலு டிகிரி பாக்கி.

பகலில் அதே கடை, அதே மேசை, ஆனால் அம்மா இருப்பார். இலையில் கூட்டு மிச்சமிருந்தால் அடுப்படி வாசலிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். "என்னா தம்பி, தொடவே இல்ல?" நான் அவசரமாகத் தொடுவேன். சுண்டைக்காய் வத்தக்குழம்பு, சுட்ட அப்பளம், கெட்டித் தயிர். அந்தச் சமயத்தில் யாராவது சம்பந்தம் பேச வந்தால் நானே தலையாட்டியிருப்பேன்.

கிளைகள் வைத்த பெரிய ஓட்டல்களில் கும்பகோணத்திலும் குரோம்பேட்டையிலும் சாம்பார் ஒரே மாதிரிதான். இங்கே அன்றன்றைக்கு வீட்டில் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதைப் பொறுத்தது. ஒருநாள் சாம்பாரில் முருங்கைக்காயே இல்லை. காரணம் கேட்க வேண்டியிருக்கவில்லை. "கல்லாவுல ஒக்காந்திருக்கவருகிட்ட சொல்லு, காய் வாங்கியாந்தாத்தான் காய் போட முடியும்னு." மகன் ஐந்தடி தூரம் நடந்து வந்து, எல்லோருக்கும் கேட்டதை அப்பாவிடம் மறுபடி சொன்னான். அப்பா சில்லறை எண்ணினார்.

அம்மா சின்ன மகளின் பிரசவத்துக்கு வேலூர் போயிருந்த மாதம் கடை மருமகளின் கைக்கு வந்தது. வாசலில் 'சைனீஸ், நார்த் இண்டியன், தந்தூரி' என்று புதுப் பலகை முளைத்தது. பலகையில் இருந்த எதைக் கேட்டாலும் "மாஸ்டர் லீவு சார்" என்றார்கள். அந்த மாஸ்டர் வேலைக்குச் சேர்ந்தவர்தானா என்பதே என் சந்தேகம். கோபி மஞ்சூரியன் மட்டும் கிடைத்தது. காலிஃபிளவர் பஜ்ஜியை வத்தக்குழம்பில் போட்டுப் புரட்டியது போல இருந்தது. சொல்லக் கூடாது, மோசமில்லை. அம்மா திரும்பியதும் 'சைனீஸ்' பலகையிலிருந்தே அழிந்துவிட்டது.

இப்போதெல்லாம் நான் விலைப்பட்டியலைப் பார்ப்பதில்லை. நேரே கல்லாவுக்குப் போய் "அம்மா இருக்காங்களா?" என்பேன். இருந்தால் இலை, இல்லாவிட்டால் டீ. போன வாரம் கேட்டபோது பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இருக்கா சார். ஆனா மூணு நாளா பேசுறதில்ல."

ஒரு பிஸ்கட் பாக்கெட் வாங்கிக்கொண்டேன். அச்சிட்ட விலைக்கே கொடுத்தார்.