ஐந்தாம் சக்கர வீட்டை இழுக்கத் தக்க வாகனம்: அந்தமான் தீவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

நன்னூலார் சிறப்புப் பாயிரத்துக்கு எட்டுச் செய்திகள் கேட்கிறார். அவற்றைக் கொடுத்துவிட்டால் பிறகு யாரும் குறை சொல்ல முடியாது என்பதால் முதலில் அந்தக் கடனை அடைத்துவிடுவோம். நூற்பெயர் மேலே இருக்கிறது. எல்லை: வடக்கே திக்லிபூர், தெற்கே சிடியாதாப்பு, கிழக்கும் மேற்கும் கடல். நுதலிய பொருள்: ஒரு வீட்டை வண்டியில் பூட்டி அந்த எல்லைக்குள் இழுத்துச் செல்வது. கேட்போர்: அமெரிக்கர்கள் அப்படி ஊர் சுற்றுவதை யூடியூபில் பார்த்துவிட்டு, ஓய்வு பெற இரண்டு வருடம் இருக்கும்போதே மனைவியிடம் பேச்சைத் தொடங்கும் அரசு ஊழியர்கள். பயன்: அவர்களுடைய பி.எஃப். பணம் பிழைத்தல். யாப்பு: உரைநடை. வழி: இத்துறையில் முன்னோர் எவரும் இல்லாததால் வழியும் இல்லை. ஆக்கியோன் பெயர் அவையடக்கம் கருதி விடப்பட்டது.

ஐந்தாம் சக்கரக் கேம்பர் என்பது கட்டில், அடுப்பு, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள ஒரு வீடு. அதன் மூக்கு பிக்அப்பின் பின்தொட்டிக்கு மேலே நீண்டிருக்கும். மூக்கின் அடியில் ஓர் இரும்பு முளை. அந்த முளை, பின் அச்சுக்கு நேர் மேலே தொட்டிக்குள் முடுக்கிய தகட்டில் போய் உட்காரும். எண்ணூரிலும் தூத்துக்குடியிலும் கன்டெய்னர் இழுக்கும் ட்ரெய்லர் லாரிகளில் இருப்பதும் இதே ஏற்பாடுதான். பம்பருக்குப் பின்னால் கொக்கி போட்டு இழுப்பதைவிட இதில் ஆட்டம் குறைவு. ஆனால் வீட்டின் எடையில் ஐந்தில் ஒரு பங்கு, சில வேளை நான்கில் ஒரு பங்கு, நேராக வண்டியின் முதுகில் ஏறிவிடும். வாங்க வருகிறவர்கள் எத்தனை டன் இழுக்கும் என்று கேட்பார்கள்; முதுகு எவ்வளவு தாங்கும் என்று கேட்க மாட்டார்கள்.

நடுத்தர வீடு ஒன்று 5 டன் என்று கொள்வோம். முதுகுச் சுமை 1,000 கிலோ. இனி வேட்பாளர்களை அழைக்கலாம்.

டாடா ஏஸ், தமிழகத்தில் சின்ன யானை. 2005-இல் வந்தபோது அதற்கு இரண்டு சிலிண்டர், 16 குதிரைத்திறன், தாங்குசுமை 750 கிலோ. முளையை அதன்மேல் இறக்கினால் பின்பக்க ஸ்பிரிங் பட்டைகள் நெளிந்து மண்டியிட்டுவிடும். மண்டியிட்ட கோயில் யானை எழுந்து நடக்கும். இது நடக்காது.

டொயோட்டா ஹைலக்ஸ் 2022-இல் இந்தியாவுக்கு வந்தது. தானியங்கி கியர் உள்ள வகையில் முறுக்குவிசை 500 நியூட்டன் மீட்டர், இழுப்புக்குக் குறைவில்லை. ஆனால் ஐந்து பேர் சாய்ந்து உட்கார இரண்டு வரிசை இருக்கை போட்டதில் பின்தொட்டி சுருங்கிப்போயிற்று. வளைவில் திரும்பும்போது வீட்டின் மூக்கு, கேபினின் பின்கண்ணாடி வழியாகப் பிள்ளைகளை எட்டிப் பார்க்கும்.

மகிந்திரா பொலேரோ பிக்அப்பில் பெரிய வகைகள் 1.7 டன் வரை ஏற்றும். முதுகு தேறிவிட்டது. ஆனால் 2.5 லிட்டர் டீசல் எஞ்சினை நம்பி 5 டன்னை மேட்டில் ஏற்றினாலும், அதே 5 டன் இறக்கத்தில் பின்னாலிருந்து தள்ளும். அப்போது யார் யாரை இழுக்கிறார்கள் என்பது தத்துவக் கேள்வியாகிவிடும். அசோக் லேலண்டு தோஸ்துக்கும் இதே விடைதான்.

வாகன ஆய்வில் விலங்கைச் சேர்ப்பது முறையா என்று சிலர் புருவம் உயர்த்தலாம். அந்தமானில் எடை இழுத்த வரலாறு பெரும்பாலும் யானைகளின் வரலாறு என்பதால் வேறு வழியில்லை. 1883-இல் தொடங்கிய சாத்தம் மர அறுவை ஆலைக்கு ஊட்டிய காடுகளில் படாக் முதலிய மரங்களை இழுத்தவை அவைதான். கப்பலில் வந்து இறங்கிய இழுவை வாகனங்களில் மிக வெற்றிகரமானவை என்றும் சொல்லலாம். ரிவர்ஸ் கியர் உண்டு. சேற்றில் சிக்கினால் தானே யோசித்து வெளியே வரும். உதிரிபாகம் சென்னையிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டாம். மரம் இழுக்க வந்த ராஜன் என்ற யானை கடலிலும் நீந்தியது. அது 2016-இல் ஹேவ்லாக்கில் இறந்தபோது, ஃபெர்ரி டிக்கெட் தேவைப்படாத இழுவை வாகனம் ஒன்று நம்மைவிட்டுப் போயிற்று. 1962-இல் ஒரு தனியார் மர நிறுவனம் நொடித்து, இன்டர்வியூ தீவில் சுமார் 40 யானைகளை விட்டுவிட்டுக் கிளம்பியது. அவை காட்டுக்குள் போய்க் காட்டு யானைகளாகவே வாழத் தொடங்கின. உரிமையாளர் கைவிட்ட பிறகும் தன்னைத் தானே பராமரித்துக்கொள்ளும் இந்த வசதியை எந்தக் கம்பெனியும் இன்னும் தரவில்லை. 2002-இல் உச்ச நீதிமன்றம் மரவெட்டுக்குக் கடும் கட்டுப்பாடு விதித்தபின் யானைகளின் வேலை பெருமளவு ஓய்ந்தது. ஆகவே தகுதி இருந்தும் இவ்வேட்பாளரை விலக்க நேர்கிறது. தகட்டை முதுகில் முடுக்கவும் அது சம்மதிக்காது.

நகரும் வீடு நமக்குப் புதிது என்று எண்ணுவோர் திருவாரூர் போய் வரவேண்டும். ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், சுமார் 300 டன் எடை. குடியிருப்பவர் தியாகராசர். அமெரிக்காவின் எந்தக் கேம்பரும் அருகில் நிற்க முடியாது. தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்களைவிட முட்டுக்கட்டை போடுபவர்தான் முக்கியமானவர் என்பது பார்த்தவர்களுக்குத் தெரியும். அந்தத் தேருக்கு ஹைட்ராலிக் பிரேக் செய்து கொடுத்தது திருச்சி பெல் நிறுவனம். ஐந்தாம் சக்கர வீட்டுக்கும் தனி பிரேக் உண்டு. ஓட்டுநர் இருக்கையிலிருந்தே அதைப் பிடிக்கலாம். இழுக்கும் விசையைப் பற்றிப் பெருமை பேசும் வண்டி வியாபாரி, இந்த பிரேக் கம்பியை எங்கே இணைப்பது என்று கேட்டால் டீ சொல்லப் போய்விடுவார்.

இனி உண்மையான சிக்கல். இடனறிதல் அதிகாரத்தில் வள்ளுவர் தேரின் இடம் நிலம், நாவாயின் இடம் கடல் என்று பிரித்துவைத்தார். மிடில் ஸ்ட்ரெய்ட்டில் தேர் நாவாய்மேல் ஏறுகிறது. போர்ட் பிளேரிலிருந்து (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) திக்லிபூர் போகும் அந்தமான் டிரங்க் ரோடு சுமார் 330 கிலோமீட்டர். வழியில் ஹம்ஃப்ரே ஸ்ட்ரெய்ட்டின் மேல் ஆசாத் ஹிந்த் ஃபௌஜ் சேது என்ற பாலம் கட்டிவிட்டார்கள். அதற்கு முன்னால் வரும் மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பேருந்தும் லாரியும் காரும் வெஹிக்கிள் ஃபெர்ரியில் ஏறித்தான் பாராடாங் தீவுக்குப் போகின்றன. ஓதத்துக்கு ஏற்பக் கடல் மட்டம் 2 மீட்டர் வரை ஏறி இறங்கும் நாட்கள் உண்டு. ஃபெர்ரியின் பலகை ஒரு வேளை மேட்டுக்கும் இன்னொரு வேளை பள்ளத்துக்கும் சாயும். தனி பிக்அப் எந்தச் சாய்விலும் ஏறிவிடும். 30 அடி வீடு பின்னால் இருந்தால், பிக்அப்பின் மூக்கு நிமிரும் நேரத்தில் வீட்டின் வால் ஜெட்டியின் கான்கிரீட்டை உழும். கழிவுநீர்க் குழாய் பெரும்பாலும் அந்த வால்பக்கம்தான் இருக்கும் என்பதை இத்துடன் சேர்த்துப் படிக்கவும். ஏறிவிட்டாலும் ஒரு பேருந்தின் இடம் போயிற்று; பேருந்தில் இருப்பவர்கள் இந்த ஆய்வைப் படித்திருக்க மாட்டார்கள்.

அடுத்தது கான்வாய். ஜிர்காடாங் சோதனைச் சாவடியிலிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் வரை சுமார் 49 கிலோமீட்டர், ஜாரவா பழங்குடியினரின் காப்பகம் வழியாகச் சாலை போகிறது. வாகனங்கள் குறித்த நேரத்தில் காவலோடு வரிசையாகத்தான் போகவேண்டும். வேகம் 40-ஐத் தாண்டக் கூடாது. முந்தக் கூடாது, நிறுத்தக் கூடாது, படம் எடுக்கக் கூடாது. அந்த மக்களைப் பார்வைப் பொருளாக்காமல் விட இந்த விதி வேண்டியதுதான். இன்னும் கடுமையாக இருந்தாலும் தகும். ஆனால் கேம்பரின் தத்துவமே நினைத்த இடத்தில் நிறுத்திப் படுப்பது. 5 டன் படுக்கையறையைப் பின்னால் கட்டிக்கொண்டு, 49 கிலோமீட்டருக்குக் கண்ணை மூடாமல் ஓட்டுவதற்கு இணையான வேறு உல்லாசப் பயணம் இந்தியாவில் இருப்பதாகத் தெரியவில்லை.

மேலும் இந்த வீடு முதலில் சென்னையிலிருந்து சுமார் 1,200 கிலோமீட்டர் கடல் கடந்து கப்பலில் வரவேண்டும். இங்கே ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை, உப்புக்காற்று வேறு. வந்திறங்கும் வீட்டுக்கு துரு எப்போதும் உடன் குடியிருக்கும் உறவினர்.

எனவே இவ்வாய்வின் தீர்ப்பு: பொலேரோ பிக்அப், ஒற்றை கேபின். ஐந்தாம் சக்கரத்தை வாங்க வேண்டாம். வண்டியோடு வரும் நான்கும் ஒரு ஸ்டெப்னியும் போதும். பின்தொட்டியில் மடக்குக் கட்டில் இரண்டு, கேஸ் அடுப்பு ஒன்று, நல்ல தார்ப்பாய், கட்டக் கயிறு. எல்லாம் சேர்ந்து 100 கிலோவைத் தாண்டாது. முதுகுச் சுமைக் கணக்கு தீர்ந்தது. மனைவியின் சம்மதமும் இந்த எடைக்குள் கிடைக்கக்கூடும்.

மிடில் ஸ்ட்ரெய்ட்டுக்கும் பாலம் வந்துவிட்டால் இந்தக் கட்டுரையின் பெரும்பகுதி காலாவதியாகும். அதுவரை வண்டி வாங்குகிறவர்கள் ஷோரூமுக்குப் போகும் முன் ஜெட்டிக்குப் போய் ஃபெர்ரியின் நீளத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். ஜிர்காடாங்குக்குச் சீக்கிரம் வந்துவிடுவதும் நல்லது. முதல் கான்வாய் காலை 6 மணிக்குக் கிளம்பிவிடும்.